சாமி முன்னால் எழுதிய திட்டம்

2025 மார்ச் 12, புதன்

இன்றும் திருமங்கலத்திலிருந்து நூற்றுப் பத்து பாக்கெட் இட்லி மாவு திரும்பி வந்துவிட்டது. சிம்மக்கல்லில் எங்கள் மாவு மில்லிலிருந்து வேனில் ஏற்றும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கடை கடையாக இறக்குவதற்குள் வெயிலில் புளித்து, பாக்கெட் ஊதிப் போகிறது.

அண்ணன் சிவபாண்டி நோட்டைக் காட்டுகிறான். போன ஆயுத பூஜையன்று மஞ்சள் தடவி நாங்கள் எழுதிய ஐந்து வருடத் திட்டம்: வீடுகளுக்குப் பாக்கெட் மாவு, முதலில் திருமங்கலம், பிறகு பரவை. "சாமி முன்னால எழுதுனத அடிக்கக் கூடாது."

அப்பா காலத்து வழக்கமாம். சாமியா வந்து மாவு அரைக்கிறது?

மார்ச் 17

வேனில் நானே போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பணியாரக் கடை போடும் ரெங்கம்மாள் அக்கா, ஊதிய பாக்கெட் ஒன்றைப் பிரித்து முகர்ந்தார். "இம்புட்டுப் பதமாப் புளிச்சிருக்கு, இத ஏன்த்தா திருப்பிக் கொண்டு போற? தெனம் எனக்கு ஒரு வாளி குடு." பக்கத்து மூன்று கடைகளும் கேட்டன.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப அஞ்சு வருசத் திட்டம்?"

"அஞ்சு வருசம் கழிச்சும் மில்லு ஓடணும்ணே. அதுதான் திட்டம்."

நோட்டில் பாக்கெட் என்று இருந்த வரியை அவன் கண் முன்னாலேயே அடித்து, 'கடைகளுக்கு வாளி மாவு' என்று எழுதினேன். எழுந்து போய்விட்டான். அடித்தது அடித்ததுதான்.

ஏப்ரல் 2

அண்ணன் என்னோடு பேசிப் பதினாறு நாள் ஆகிறது. "மில்லை மூடிட்டுத்தான் ஓய்வா" என்று மதினியிடம் சொன்னானாம். தினம் எட்டு வாளிதான் போகிறது. போதாது. பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக மறுபடி பாக்கெட்டா? மாட்டேன்.

ஜூன் 20

இருபத்தாறு வாளி. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

செப்டம்பர் 9

மூன்று நாளாக மழை. மாவு புளிக்கவில்லை. ரெங்கம்மாள் அக்கா போனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இனி முந்தின நாளே அரைக்க வேண்டியதுதான். நோட்டில் 'அன்றன்று அரைப்பது' என்ற வரியையும் அடித்தேன்; இது இரண்டாவது அடித்தல். அண்ணன் பார்த்தான். அவனே போய் அரிசியை ஊறப்போட்டான்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

புது நோட்டுக்கு அண்ணனே மஞ்சள் தடவினான். பரவையில் நான்கு டிபன் கடைகளில் பேசி வைத்திருக்கிறானாம், வாளி மாவுக்கு! நோட்டின் மேல் ஒரு பென்சிலையும் வைத்தான்.

"இதுல எழுது. ரப்பர் போட்டு அழிச்சுக்கிட்டா சாமிக்குத் தெரியாது."

சிரிப்பு வந்துவிட்டது. பென்சிலைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அடிக்க வேண்டி வந்தால், சாமி பார்க்கவே அடித்துக்கொள்கிறேன்.