எலும்பு சும்மா நிற்பதில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீ வாய் திறந்து சொல்லி ஏழு வாரம் ஆகிறது. இங்கே மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று எடுத்துக்கொள். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, வேலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி வருகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அதே வரிதான். சரி, தாளில் எழுதினால் பாதியில் வைக்க முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான், பொறுமையாகப் படி.

நீ கடைசியாக அம்மாவிடம் என்ன சொன்னாய் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரியும். "நான் குடுத்த செல்லுதான் தம்பிய உள்ளயிருந்து தின்னுதும்மா" என்று சொல்லி அழுதுவிட்டு வைத்தாயாம். அதை இத்தனை நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் உன் அம்மா. நான் கத்தினேன். அவளும் கத்தினாள், "உங்ககிட்ட சொன்னா நீங்க என்ன, ஸ்பேனர வச்சா சரி பண்ணப் போறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன், எது நின்றாலும் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று சொல்லிவிடுவேன். என் பிள்ளையின் உடம்பில் எது நின்றுபோனது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் நேரமில்லை.

தம்பியின் ரத்தப் புற்றுநோய்க்கு நீ எலும்பு மஜ்ஜை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. சிவப்பணு வந்தது, தட்டணு வந்தது, எல்லாரும் கைகுலுக்கினார்கள். மூன்றாம் மாதம் அவன் தோலெல்லாம் சிவந்து தடித்தது, அதற்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள், முகம் பூசணிக்காய் போல உப்பியது, இதெல்லாம் உனக்குத் தெரியும். கிருமிக்கு எதிராக மருந்து தயாரிக்கும் ஒரு வகை வெள்ளை செல் உண்டாம், பி செல் என்கிறார்கள். அது மட்டும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பூஜ்யம். எட்டு மாதம் பூஜ்யம். ஏன் என்று கேட்டால், பொறுங்கள் என்பார்கள். ஐந்து முறை அவனைப் பார்க்கும் டாக்டரம்மா அறைக் கதவைத் தட்டினேன், ஐந்து முறையும் நான் வாய் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடுவில் அவனுக்கு இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். உன் அம்மா அவன் சீப்பைக்கூட வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறாள், பல்லெல்லாம் வளைந்துபோய் மூன்றாவது சீப்பு வாங்கியாகிவிட்டது. உன் அத்தை காதில் எலும்பு என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், பெரிய பாத்திரத்தில் எலும்பு சூப்போடு வந்து வாசலில் நிற்கிறாள். அவனுக்கு அந்த வாடையே ஆகாது. குடிப்பது நான்தான்.

இப்போது எழுதுவதைக் கோபப்படாமல் படி. நாலு வாரத்துக்கு முன்னால் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று எனக்கு அழைப்பு வந்தது. மதியம் இரண்டு மணி. போய் மெயினை நிறுத்திவிட்டு, முக்கோணச் சாவி போட்டு மாடிக் கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு ஆள், கையில் பைலோடு அந்த டாக்டரம்மா. லிஃப்ட் தளத்துக்கு ஒரு முழம் மேலேதான் நின்றிருந்தது. ஐந்து நிமிஷத்தில் இறக்கியிருக்கலாம். நான் இறக்கவில்லை. காற்று வர ஒரு கை அகலம் கதவை விட்டுவிட்டு, கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் ஆகும் டாக்டர், அதுவரைக்கும் ஒண்ணு கேக்கட்டுமா" என்றேன்.

அந்த அம்மாவும் தரையில் உட்கார்ந்து சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். "எலும்பு சும்மா தூண் மாதிரி நிக்கறதில்லைங்க. எலும்பைக் கட்டற செல்கள்னு இருக்கு. அதுங்க மஜ்ஜை ஓரத்துல இருந்துகிட்டு, புதுசா பொறக்கற எதிர்ப்பு செல்களைப் பக்கத்துல இழுத்து வச்சு, இப்ப வளரு, இப்ப பெருகுன்னு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். சேதி வரலேன்னா அந்தக் குஞ்சு செல் பாதியிலயே செத்துடும். உங்க பையனுக்கு நடக்கறது அதுதான்னு நினைக்கிறோம். உங்க பொண்ணு குடுத்தது நல்லாவே தங்கிடுச்சு. வளர்த்து விட வேண்டிய இவன் எலும்பு செல்தான் அடிபட்டுக் கெடக்கு" என்றார்.

அடித்தது யார் என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் மழுப்பவில்லை. "உங்க பொண்ணோட செல்கள் புது இடம்னு சண்டை போட்டுச்சு, அது தோல்ல தெரிஞ்சுது, எலும்புக்குள்ளயும் நடந்திருக்கும். அதை அடக்க நாங்க குடுத்த ஸ்டீராய்டும் அதே எலும்பு செல்களைத்தான் அமுக்கும். அதுக்கு முன்னாடி நாங்க குடுத்த கீமோவும் அதைத்தான் அடிச்சுது. குத்தம்னு கைநீட்டணும்னா எங்க மேலயும் நீட்டுங்க. ஆனா ஒண்ணு, சண்டை போடற அந்தக் குணம்தான் பழைய புற்றுநோயத் தலைதூக்க விடாமயும் வச்சிருக்கு" என்றார். பெரியவளே, இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படி. நீ அரைகுறையாக எதையோ படித்துவிட்டு அதில் பாதியை மட்டும் எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு அலைகிறாய். மீதிப் பாதியைச் சொல்ல ஆள் கிடைக்காமல் நான் ஒரு மனுஷியை இருபது நிமிஷம் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "இது அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார். ஆமாம் என்றேன். "அடுத்த தடவை கதவைத் தட்டுங்க" என்றார். அஞ்சு தடவை தட்டினேன் டாக்டர் என்றேன். பைலை இடுக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். நான் நேராக எங்கள் கம்பெனி மேனேஜரிடம் போய் நானே சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், அந்தக் கட்டடம் இனி என் பொறுப்பில் இல்லை. செய்தது தப்புதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மறுநாள் டாக்டரம்மாவின் நர்ஸ் கூப்பிட்டு, வியாழக்கிழமை அரை மணி நேரம், வீட்டில் எல்லாரும் வாங்க என்றாள். இது எதையும் உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, நான் அலைந்து திரிந்து நேரம் வாங்கினேன் என்று நினைத்துப் பெருமையாக இருக்கிறாள்.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து இப்போது கடுகு போல ஒரு மாத்திரையில் நிற்கிறது. காலுக்குப் பாரம் கொடுத்து நடந்தால் எலும்புக்கு நல்லது என்றார் டாக்டரம்மா, நம் வீட்டுத் துரை நடக்க மாட்டேன் என்கிறார். நேற்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அடம். நான் என்ன செய்யட்டும், தூக்கியா நடக்க வைப்பேன். திட்டினேன். அப்போதுதான் சொன்னான், "அக்காவுக்கு நான் பாரமாப் போயிட்டேன்பா, அதான் பேச மாட்டேங்கறா" என்று. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. நீ அவனைக் கொன்றுவிட்டதாக அங்கே அழுகிறாய், அவன் உன்னைப் படுத்திவிட்டதாக இங்கே அழுகிறான், நடுவில் நானும் உன் அம்மாவும் உங்களுக்குத் தபால்காரர்களா?

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. பி செல் பூஜ்யம் இருந்த இடத்தில் பதினான்கு. நூறுக்கு மேல் இருக்க வேண்டியது, ரொம்பக் குறைச்சல்தான், இன்னும் ஊசி மருந்து ஏற்றத்தான் வேண்டும், ஆடிப்பாட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பதினான்கும் உன்னுடையவை, அவன் எலும்பு வளர்த்தவை. இதை அவனிடம் சொன்னபோது முதல் முறையாக ரிப்போர்ட்டை வாங்கி அவனே படித்தான்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, நாங்கள் இரண்டு பேரும் தினமும் உன்னை நினைத்துத்தான் விளக்கை அணைக்கிறோம். ஒரு ஞாபகப்படுத்தல். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்குத் தடுப்பூசி. பழையதெல்லாம் அழிந்துபோனதால் கைக்குழந்தைக்குப் போடுவதிலிருந்து தொடங்குகிறார்கள், இருபத்தாறு வயது தடியன் தொட்டில் பிள்ளைகள் வரிசையில் உட்காரப் போகிறான். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது அவனா நீயா என்று இரண்டு நாளாக என்னைக் கேட்டு நச்சரிக்கிறான். எனக்கு நினைவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். நீ அவனுக்குப் போன் செய்து சொல்.

கோபத்தோடும் ஆசையோடும்,
உன் அப்பா