சீனியின் வயிற்றுவலி

4 மார்ச் 1974, திங்கள்
காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் மருந்துக்குப் பதினோரு பேர். காய்ச்சல், சளி, மலைச்சரிவில் வழுக்கிய முட்டி. கடைசியில் சீனி. நேற்றுக் குடித்த கள்ளுக்கு இன்று லீவு வேண்டும்.

“டிரசரய்யா, வயித்துக்குள்ள யாரோ பால்வாளி உருட்டுறாங்கய்யா!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்தேன். பொய் வயிற்றுவலிக்கு எல்லா ரப்பர் எஸ்டேட் டிரசரும் கொடுக்கிற மருந்து. குடித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்று போனான். இவன் வராத திங்கள் எனக்கும் சப்பென்றுதான் இருக்கும்.

11 மார்ச்
சீனி. இன்று வாளி இல்லை, தவளை. உப்பு.

19 மார்ச், செவ்வாய்


காலையில் சீனி வந்தான். “வலிக்குதுய்யா” என்றான், அவ்வளவுதான். பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல் உப்பை நீட்டினேன்.

பத்து மணிக்குப் பஞ்சு வெட்டும்போது உறைத்தது — இன்று செவ்வாய் ஆச்சே, கள்ளு லீவுக்கு அவன் திங்களில்தானே வருவான்? ஏன் கதை ஒன்றும் சொல்லவில்லை?

மேல் லயத்தில் அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் பெண்சாதி செல்லாயி வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தொட்டேன். வலப்பக்கம் பலகை மாதிரி. குடல்வால். அதுக்குப் போய் பேதி குடுத்திருக்கேன்! கொடுத்தால் வெடித்துவிடும், கொடுக்கவே கூடாது என்று பயிற்சியில் படித்தவன்தானே நான்?

ரப்பர்பால் ஏற்றிப் போகும் லாரியை மறித்தேன். “பால் கெட்டுப்போகும்” என்றார் கங்காணி ராமையா. “கெடட்டும்யா!”

ஈப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலை என் மடியில். “அய்யா, செத்துருவேனா?”

“வாய மூடுடா.” அழுதுவிடுவேன் என்று பயம்.

20 மார்ச்
குடல்வால் வெடித்திருந்ததாம். ஆபரேஷன் முடிந்தது, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும். “காலையில் என்ன கொடுத்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

23 மார்ச்
காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தானாம்.

14 ஏப்ரல், ஞாயிறு
சீனி வீடு திரும்பிவிட்டான். டிரசரய்யா காப்பாற்றினார் என்று லயம் முழுக்கப் பேச்சு. செல்லாயி கோழிக்கறி கொடுத்தனுப்பினாள். வாயில் வைக்க முடியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

“அன்னைக்குக் காலையில உன்னைத் தொட்டுக்கூடப் பாக்கல சீனி. நான் குடுத்த மருந்தே உன்னைக் கொன்னிருக்கும்.”

சீனி தரையைப் பார்த்தான். “நான் எத்தன பொய் சொல்லியிருக்கேன், அய்யா எப்படி நம்புவாரு...”

செல்லாயி விடவில்லை. “இவரு பொய் சொல்ற ஆளுதான். நீங்க படிச்சவங்க, தொட்டுப் பாக்க வேணாமா?”

எழுந்தேன்.

“எங்க போறீங்க? உக்காருங்க. சூடு பண்ணித் தாரேன், சாப்புட்டுப் போங்க.”

சாப்பிட்டேன். சீனி எனக்கு எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி வைத்தான்.

15 ஏப்ரல், திங்கள்
இன்று பதினான்கு பேர். ஒவ்வொருவரையும் பெஞ்சில் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தேன். எட்டு மணிக்குக் கங்காணி வாசலில் வந்து நின்று கத்தினார்: “வெயில் ஏறுது, ஆளுங்க எப்ப பால் வெட்ட நெரைக்குப் போறது?”

இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.