ஒரே வாயில் இரண்டு பனிக்காலம்

மரியாதைக்குரிய அண்ணன் ஷௌகத் அவர்களுக்கு, தங்கை ஜவாஹிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் பொய்யர். ஒரே வாயால் இந்த வருடம் இரண்டு பனிக்காலம் சொல்லியிருக்கிறீர்கள். எங்களிடம் போனில், "இந்த வருஷம் பனி சும்மா தூறிட்டுப் போயிடும், தஸ்லீமா அங்கயே இருக்கட்டும்" என்றீர்கள். அதே வாரம் ஸ்ரீநகரில் உங்கள் ஹோட்டல் வாசலில் நின்று, "இந்த வருஷம் இடுப்பு வரைக்கும் பனி, இப்பவே ரூம் போட்டுக்குங்க" என்று வீடியோவில் சிரிக்கிறீர்கள். சுமோ ஓட்டுகிற பஷாரத் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். அம்மாவிடம் காட்டவில்லை. தஸ்லீமா அண்ணியிடம் காட்டினேன். அவள் கடைசிவரை பார்த்துவிட்டு, "கோட்டு புதுசா?" என்று மட்டும் கேட்டாள்.

போனில் பேசினால் சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். நான் பேசும்போது மட்டும் எப்படித்தான் போகிறதோ. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. 'நீங்கள்' என்று எழுதச் சொன்னது அம்மா. எனக்கு வாயில் வருவது வேறு.

இங்கே எல்லோரும் பனி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விறகு விற்கும் காதிர் லோன், கரடி சீக்கிரமே மக்காச்சோளக் கொல்லைக்கு இறங்கிவிட்டது, அதனால் பெரிய பனி என்கிறார். போன வருடம் கரடியே வரவில்லை. அப்போதும், "பெரிய பனிக்குப் பயந்து சீக்கிரம் தூங்கப் போயிடுச்சு" என்றவர்தான். கரடி வந்தாலும் வராவிட்டாலும் அவர் விறகு விற்றாக வேண்டும். நம் சித்தப்பா, குளவி கூட்டைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறது, பனி கம்மி என்கிறார். கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் குத்தகை அவருடையது. மெஷினுக்கான டீசல் இன்னும் மேலே வரவில்லை. பனி கம்மி என்றால் டீசல் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களும் கம்மி என்கிறீர்கள். அதிகம் என்று சொன்னால் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும்.

வானத்தைப் பார்த்துப் பனி சொன்னவன் இந்த ஊரில் ஒருவனும் இல்லை. எவ்வளவு பெய்யும் என்று எனக்கும் தெரியாது. தெரியாதவர்கள் பெரிய பனிக்குத்தான் தயாராக வேண்டும். தெரியும் என்பவர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டு விஷயம் கேட்பீர்களோ என்னவோ, நானே சொல்கிறேன். கத்தரிக்காயும் சுரைக்காயும் அரிந்து நூலில் கோத்துக் காயவைத்தாயிற்று. உருளைக்கிழங்கைக் குழியில் போட்டு மூடியாயிற்று. குளிருக்கு மடியில் வைத்துக்கொள்ளும் கங்கிரிச் சட்டிக்குக் கரி மூட்டையாக இருக்கிறது. வடக்கு ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் அடித்தது அண்ணி, ஸ்டூல் மேல் ஏறி, அந்த வயிற்றோடு. நான் திட்டினேன். "நீ அடிச்சா கோணலா இருக்கும்டி" என்றாள். ஒழுகும் கூரைப் பலகைகளை மட்டும் நாங்கள் தொடவில்லை. அது ஆண்கள் வேலையாம். எந்த ஆண் என்று யாரும் சொல்லவில்லை.

பிரசவம் கடும் குளிர் அடிக்கும் அந்த நாற்பது நாளுக்குள் வரும் என்று நர்ஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, சுகாதார நிலையத்தைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். பனி உருகிய பிறகுதான் வருவார். அம்மா பழைய துணிகளை வெந்நீரில் போட்டு அலசி மடித்து வைத்திருக்கிறாள். தொப்புள்கொடி கட்ட நூல், புது பிளேடு. எல்லாம் போன தடவை போலவே.

போன தடவையும் பனி கம்மி என்றுதான் சொன்னீர்கள். உங்கள் மகன் மூன்று நாள் அழுதான், அப்புறம் அழவில்லை. கணவாய் அடைத்திருந்தது. ஹெலிகாப்டர் ஒருமுறை வந்தது. அதில் ஏறியது தாசில்தாரின் மச்சான். நீங்கள் வந்து சேர்ந்தபோது அவன் மேல் புல் முளைத்திருந்தது.

இன்னொன்று. மண் இறுகுவதற்கு முன்னால் கபர்ஸ்தானில் சில குழிகளை வெட்டிப் பலகை போட்டு மூடுவது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் ஆள் வைத்து வெட்டியது சித்தப்பா. நான் போய்க் கேட்டேன்: "பனிதான் கம்மியாச்சே சித்தப்பா, இத்தனை குழி எதுக்கு?" "சாவு என்ன பனியப் பார்த்தா வருது?" என்றார். "சரி, ஓரத்துல இருக்கே அந்தச் சின்னது, அது யாருக்கு?" என்றேன். "எப்பவும் வெட்டுறதுதான். பொம்பளப் புள்ள மாதிரி பேசு" என்றார். ஊருக்குச் சொல்லும் பனி ஒன்று, அவர் மண்வெட்டிக்குத் தெரிந்த பனி ஒன்று. அண்ணி அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போவாள். இப்போது சுற்றிப் போகிறாள்.

அவளைக் கீழே அனுப்பச் சொல்லிச் சித்தப்பாவிடம் எவ்வளவோ கேட்டாயிற்று. "புருஷன் சொல்லாம அனுப்பினா ஊரு என் மூஞ்சில துப்பும்" என்கிறார். சாலைக் குத்தகைக்காரர் வீட்டுப் பெண்ணே முன்கூட்டி இறங்கினால், அவர் சொன்ன கம்மிப் பனியை யார் நம்புவார்கள்? அதுதான் விஷயம்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் பஷாரத் உங்கள் கையில் ஒரு தகர டப்பா கொடுத்திருப்பான். வாங்கிவிட்டீர்கள் அல்லவா? உமி திணித்து, கம்பளி சுற்றி அனுப்பினேன். நேற்று மேல் கணவாயில் விழுந்த முதல் பனி அது. நம் ஊர்ப் பந்தயப்படி முதல் பனியைத் தெரியாமல் கையில் வாங்கியவர் தோற்றவர், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சின்ன வயதில் வருடாவருடம் என் கையில் திணித்துக் கோழி விருந்து கேட்டவர் நீங்கள். இந்த வருடம் நான் ஜெயித்தேன். வந்து அண்ணியைக் கூட்டிப் போங்கள்.

அல்லாஹ் உங்களுக்குச் சுகம் தரட்டும். புதுப்பனி முபாரக்.

தங்கை ஜவாஹிரா

*

அண்ணன் அவர்களுக்கு,

பஷாரத் வந்து சொன்னான். டப்பாவைத் திறந்ததும், "அடிப்பாவி, மாட்டிவிட்டுட்டாளே!" என்று ஹோட்டலே கேட்கச் சிரித்தீர்களாம். கடிதம் படித்த பிறகு சிரிப்பு இல்லையாம். அப்புறம் கடைக்குப் போய் உரித்த கோழி ஒன்றை வாங்கி, அதே டப்பாவில் ஐஸ் போட்டு அடைத்து, "பந்தயம் தீர்ந்துச்சுன்னு சொல்லிடு" என்று கொடுத்தனுப்பினீர்கள்.

கோழி கெடாமல் வந்து சேர்ந்தது. அம்மா சமைத்தாள். மகன் அனுப்பியது என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். அண்ணி பசியோடு சாப்பிட்டாள். கை கழுவப் போகும்போது என்னிடம் மெதுவாக, "வேற ஒண்ணும் சொல்லி விடலையா?" என்றாள். என் பங்கை நாய்க்குப் போட்டேன். அதற்குத் தெரியாது, தின்றுவிட்டது.

முந்தாநாள் கணவாயில் தொடையளவு விழுந்தது. சித்தப்பாவின் மெஷின் வளைவில் நிற்கிறது, டீசல் இல்லை. "இப்படிப் பெய்யும்னு யாருக்குத் தெரியும்?" என்று டீக்கடையில் கேட்கிறாராம். வண்டிகள் சங்கிலி போட்டு ஒற்றைத் தடத்தில் ஊர்கின்றன. பஷாரத் நாளை இந்தக் கடிதத்தோடு இறங்குகிறான். ஒரு தடவை மேலே வருவான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்ப இறங்குவதுதான் கடைசி வண்டி.

நீங்கள் வர வேண்டாம். கணவாயும் ஏற வேண்டாம், எங்கள் முகத்தையும் பார்க்க வேண்டாம். கணவாய்க்குக் கீழே பந்திபோராவில் பஷாரத்தின் அக்கா வீட்டில் அண்ணிக்கு இடம் பேசியிருக்கிறேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

சித்தப்பா என்ன சொன்னாலும் நான் அவளை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவள்தான் வர மறுக்கிறாள். "அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், வரேன்" என்கிறாள். உங்கள் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு வைத்திருக்கிற ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் அவள்தான்.

அவள் துணியை மூட்டை கட்டிவிட்டாள். அம்மாவின் போனை சிக்னல் கிடைக்கும் மாடி ஜன்னலில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், அதிலிருந்து ஒரு நிமிடத்தை இவளுக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போன் செய்து, 'போய் வா' என்று அவளிடம் சொல்வீர்களா?

ஜவாஹிரா