மொட்டையடித்த ஆலமரம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மாடியில் கம்பி கட்டி, கிளை நறுக்கி, தொட்டிக்குள்ளேயே அவர் வளர்க்கும் போன்சாய் ஆலமரம் உனக்குத் தெரியுமே. போன மாதம் ஒரு காலை அதன் இலைகளை ஒன்று விடாமல் வெட்டித் தள்ளிவிட்டார்.

"என்னப்பா பண்ணிட்டீங்க?"

"தெரிஞ்சுதான் பண்றேன். நீ போய் வேலையைப் பாரு."

அடுப்பை அணைக்க மறப்பதும், சட்டையைத் திருப்பிப் போடுவதும் வயசுக்கோளாறு என்றுதானே நீ சொன்னாய்? நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். ஆனாலும் தினமும் அவருக்குத் தெரியாமல் மாடிக்குப் போய், பட்டையை நகத்தால் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தேன்.

நேற்று மரமெங்கும் துளிர். ஒவ்வொன்றும் பழைய இலையில் பாதி அளவுகூட இல்லை.

"பெரிய இலையை வெட்டினாத்தான் சின்ன இலை வரும். இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன்.

"உங்கம்மாவைக் கூப்பிடு. அவ பாக்கணும்."

அம்மா நம்மை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. "குளிக்கிறாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன் அக்கா.

"சரி, மெதுவா வரட்டும்" என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்த வாரமே கிளம்பி வா.

உன் தங்கை