ஆறுச்சாமியின் இரண்டாவது பதில்

ஐப்பசி, செவ்வாய் இரவு. சித்தூர் ஆஸ்பத்திரி.

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களிடம் தாம்பத்தியம் பற்றித் தமிழில் நாங்கள் கேட்கும் கேள்விகள் சரிதானா என்று பார்க்க, ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்கிறோம். போன தடவை எல்லாவற்றுக்கும் "குறையில்லை" என்ற விவசாயி ஆறுச்சாமி, இன்று "முடியறதில்லீங்க" என்றார்.

"அன்னைக்கு மகன் பக்கத்துல இருந்தானுங்க. அவனை வெச்சுட்டு எப்படிங்க சொல்றது? நான் அவளை வெறுத்துட்டேன்னு ஊட்டுக்காரி அழுவறாளுங்க. மருந்து இருக்குதுங்களா?"

ஆய்வை நடத்தும் டாக்டரிடம் சொன்னேன். "ரெண்டு பதிலும் ஒத்துப்போகலை. அவரை ஆய்விலிருந்து எடுத்துடுங்க" என்றார். இதுதான் உண்மையான பதில் என்றேன். காதில் வாங்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஆறுச்சாமிக்கு ஓ.பி. சீட்டு போட்டுக் கொடுத்து, வியாழக்கிழமை மனைவியோடு வரச் சொன்னேன்.

"அவளையுமுங்களா?" என்று தயங்கினார். பிறகு, "கூட்டியாறனுங்க" என்றார்.