உன் மண்டைக்குள் ஏழு அறைகள்

என் தங்கச் சோம்பேறி சாமுவுக்கு,

உன் அக்கா ரூபி எழுதுகிறேன். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு நான் இரண்டு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. அந்த இரண்டு வரியும் "வரும்போது பால் பாக்கெட் வாங்கினு வா" என்கிற ரகம்தான். இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சீரியலில் வருகிற மாமியாரைத் திட்டிக்கொண்டு பொழுதை ஓட்டுகிறாள். கம்பெனியில் நீ நின்று தகடு அழுத்திய மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைக் கழற்றிவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ரோட்டில் லாரியும் குறையவில்லை, புழுதியும் குறையவில்லை. எனக்கு அதே ஷிப்டு, அதே கம்பெனி பஸ், அதே ஜன்னல் சீட்டு.

ஒன்று மட்டும் புதுசு. நான் கேம் விளையாடுகிறேன். உன் கேம்தான். வேலைவெட்டி இல்லாதவன்தான் போனை நோண்டுவான் என்று உன்னை ஓயாமல் திட்டிய அதே ரூபி, பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்து நோண்டுகிறாள். காலம் செய்கிற வேலையைப் பார்.

நமக்குள் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். யார் யாரையோ பிடித்து, சூப்பர்வைசர் பின்னால் மூன்று மாதம் அலைந்து, என் லைனிலேயே உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்துப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்த மறுவாரம் வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"கேம் பண்ணப் போறேன்க்கா. நானும் பிரவீனும் திருவள்ளூர்ல ரூமு பாத்துட்டோம்."

"உன் மண்டைக்குள்ள இன்னாதான்டா கீது?"

"பாட்டு கீதுக்கா. உள்ள வந்து பாரு, தெரியும்" என்று சொல்லி இளித்தாய். அந்த இளிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"போ, எங்கியாவது ஒயிஞ்சி போ. நல்லதோ கெட்டதோ, இன்னா ஆனாலும் சரி, இனிமே எனக்கு போன் பண்ணாத."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு ஏழு மாதம் நாம் பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, காது கேட்காத மாதிரி இருப்பேன்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல். உன் கூட்டாளி பிரவீன் தங்கச்சி கல்யாணத்துக்காக ஆரணிக்குப் போயிருந்தான். நாலு நாள் அந்த ரூமில் தனியாகக் கிடந்திருக்கிறாய். அந்த வாரம் அம்மாவிடம் பேசியபோதுகூட லேசாகத் தலைவலி என்றுதான் சொன்னாயாம். ஐந்தாம் நாள் பிரவீன் வந்து பார்த்து, உன்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எனக்குப் போன் போட்டான். நான் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சொன்ன அந்தச் சொல்லுக்காகத்தான் எனக்குப் போன் செய்யாமல் இருந்தாயா? பதினோரு மாதமாக எனக்குள் ஓடுகிற கேள்வி இது ஒன்றுதான்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு பிரவீன் வந்தான். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் போனை என் கையில் கொடுத்தான்.

"கேமு முக்காவாசி முடிஞ்சிட்ச்சிக்கா. அவன் மண்டைக்குள்ள நடக்கிற மாதிரி பண்ணிகீறோம். ஏழு ரூமு. கடைசி ரூமுல உங்களுக்குன்னு ஒண்ணு வெச்சிகீறான்."

"இன்னாது அது?"

"சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகீறான். ஆடிப் பாருங்க."

போனைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். ஆறு மாதம் தொடவில்லை. பயம்தான், வேறென்ன? கடைசி அறையில் நீ என்னைத் திட்டி வைத்திருந்தால், அதற்குப் பிறகு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒருநாள் பஸ்ஸில் திறந்தேன். அட பாவி, இதுதான் உன் மண்டையா? முதல் அறை சமையல்கட்டு. டம்ளரைத் தட்டினால் ஒரு சுரம், குழம்புச் சட்டியைத் தட்டினால் இன்னொன்று. இட்லிப் பானை தாளத்துக்கு ஆவி விடுகிறது. சரியான வரிசையில் தட்டி ஒரு மெட்டை முடித்தால் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காக்கா "சபாஷ்" என்று தலையாட்டிக் கதவைத் திறக்கிறது. இரண்டாவது அறை உன் சோம்பல். எருமை ஒன்று மல்லாந்து தூங்குகிறது. அதன் தொப்பைதான் தபேலா. எருமை விழித்துக்கொள்ளாத அளவுக்கு மெதுவாக வாசித்துக்கொண்டே அந்தப் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது அறை நம் லோக்கல் ரயில். ஒவ்வொரு பயணியும் ஒரு சுரம். மீன்கூடை அம்மாவைப் பக்கத்து சீட்டிலும், குறட்டை விடுகிற ஆளை வாசலிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்தால் பாட்டு சேர்ந்து ரயில் கிளம்புகிறது. தப்பாக உட்காரவைத்தால் பின்பக்கமாக ஓடிப்போய் மீஞ்சூரில் நிற்கிறது. ஒரே வாரத்தில் நாற்பது தடவை மீஞ்சூர் போனேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீயே சொல்லியிருப்பாய். சும்மா சொல்லக்கூடாது சாமு, நன்றாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

ஆனால் ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒருத்தியை நிறுத்திவைத்திருக்கிறாய். நம் கம்பெனி நீலக் கோட்டு, கனத்த ஷூ, இடுப்பில் கை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான்தான். அங்கே செருப்பு பாடுகிறது, குழாய் பாடுகிறது, எருமைகூடப் பாடுகிறது. அவளுக்கு மட்டும் சத்தம் இல்லை. வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பேசியது போதும், வாயை அடைத்துவிடுவோம் என்று நினைத்தாயா? அப்படி நினைத்திருந்தாலும் தப்பில்லை என்றுதான் எனக்கே தோன்றியது.

நாலாவது அறையை எப்படியோ தாண்டினேன். ஐந்தாவது அறையில் மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் ஒரு மேளம், வலது பக்கம் ஒரு மேளம், நடுவில் கதவு. தாளம் தட்டினால் திறக்கும். நானும் தட்டினேன். ஒருநாள், இரண்டுநாள் இல்லை, மூன்று வாரம். கதவு அசையவே இல்லை. மூன்று வாரமும் அந்த நீலக்கோட்டுக்காரி என்னைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். கேமே ரிப்பேர் என்று பிரவீனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் பாவம், ரிப்பேர் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தான்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் செல்விதான் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். அவளும் பிரஸ் லைன்தான், ஆனால் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"யக்கா, இன்னா நீ ரெண்டு கட்டவெரலையும் ஒண்ணா வெச்சி அமுக்கறே?"

"பின்ன எப்பிடி அமுக்குவாங்க?"

"ஒண்ணு மாத்தி ஒண்ணு தட்டுக்கா. இது இன்னா பிரஸ்ஸா, ரெண்டு கையும் வெச்சாத்தான் எறங்கும்னு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருடம் சாமு. நம் மிஷினில் இரண்டு பட்டனிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். விரல் போகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அப்படி அழுத்தி அழுத்தி, இடது கைக்குத் தனியாக ஒன்று செய்ய வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. ஒன்று மாற்றி ஒன்று தட்டிப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. சோறு பிசையும்போது இடது கையால் தட்டு ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன். அம்மா "இன்னாடி, பேய் புட்ச்சிகிச்சா?" என்றாள். மூன்றாம் நாள் கவரைப்பேட்டை தாண்டும்போது கதவு திறந்தது. செல்வி கை தட்ட, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆறாவது அறை மழை, குடைகள். அது சுலபம்தான். ஏழாவது அறைக்குள் போன வாரம் போனேன். வீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு திறந்தேன்.

வெறும் வெள்ளை அறை. சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, பாட்டு இல்லை. நடுவில் அந்த நீலக்கோட்டுக்காரி மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்கிறாள். நாற்பது செகண்ட் அசைக்கிறாள். பிறகு கேம் நின்றுவிடுகிறது.

பிரவீனைக் கூப்பிட்டேன். "இதுக்குத்தான் ஏழு ரூமு ஓட வெச்சியாடா?" என்று கேட்டேன். அவன் உன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். உன் கோழிக்கிறுக்கல்தான். "ஏழாவது ரூம். அக்கா பேசணும். அவ சொந்தக் குரல்தான். இன்னா பேசணும்னு எழுதித் தரக்கூடாது, அவ இஷ்டம். இப்ப கேட்டா வெட்டிடுவா. கோவம் ஆறட்டும், கேக்கலாம்."

மூன்று தடவை படித்தேன். நீ என் வாயை அடைக்கவில்லை. எனக்காக இடம் விட்டுவைத்திருந்தாய். இதைப் படித்ததும் மனசு லேசாகும் என்றுதானே நினைப்பாய்? ஆகவில்லைடா. உனக்கு என்மேல் கோபமே இல்லை. என் கோபம் ஆறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாய். காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாளும் அதற்காகத்தான் காத்திருந்தாய். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ளத்தான் என்னால் முடியவில்லை. அம்மா மடியில் முகத்தை வைத்து, நீ போன அன்று அழாததையும் சேர்த்து அழுதேன்.

பிரவீன் மிச்ச வேலையை முடித்து, கேமை அடுத்த மாதம் வெளியே விடப் போகிறான். மறுநாள் அவனே போன் செய்து தயங்கித் தயங்கிப் பேசினான்.

"கஷ்டமா இருந்தா வேணாம்க்கா. சென்னைல டப்பிங் பேசற பொண்ணு ஒண்ணு கீது. இல்லனா அந்த ரூமையே எடுத்துடலாம். ஆறு ரூமோட முடிச்சிக்கலாம்."

எடுத்துவிடு என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"தோ பாரு நைனா, எம்புள்ள அக்கா கொரலத்தான் கேட்டான். ஊரான் ஊட்டுப் பொண்ணு கொரலு அவனுக்கு எதுக்கு? அவ பேசுவா. நீ போன வை."

நாலு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். "என்னை மன்னித்துவிடு தம்பி" என்று பேசிப் பார்த்தேன். மைக்கில் அறிவிப்பு செய்கிற மாதிரி இருந்தது. பைபிள் வசனம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். நீயே சிரித்திருப்பாய். பேர் தெரியாத யார் யாரோ கேட்கப் போகிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை பேசலாம் என்று எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். நீ எழுதித் தராததை நான் எதற்கு எழுத வேண்டும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருவள்ளூருக்கு வருகிறேன் சாமு. நீ இருந்தவரை அந்த ரூமுக்கு ஒருநாள்கூட நான் வந்ததில்லை. அந்த ரூமிலேயே உட்கார்ந்து, உன் மைக்கிலேயே பேசுகிறேன். இது சத்தியம். நாற்பது செகண்ட் முழுசும் எனக்குத் தேவைப்படாது. இவ்வளவுதான் சொல்லப் போகிறேன்: "என் கோவத்தைப் போயி பெரிசா எடுத்துகினியேடா லூசு. ஒரு போன் பண்ணியிருந்தா ஓடியாந்திருப்பேன்டா."

இப்படிக்கு,
உன்னைத் திட்டத் தெரிந்த அளவுக்குக் கொஞ்சத் தெரியாத
உன் கூடப்பிறந்தவள்,
ரூபி