சாக்ஸ் மாடு பார்க்கப் போகிறோம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் லேசான குளிர். குழாயில் தண்ணீர் ஆறரைக்கே நின்றுவிட்டது. பாதித் துணி சோப்போடு வாளியில். அந்த நேரம் பார்த்து டோம்பிவிலியிலிருந்து கொழுந்தன் போன்.

"மதினி, மே மாசம் காட்டுக்குப் போறது முடிவாயிட்டு. நாக்பூர் வரைக்கும் ரயிலு, அங்கருந்து வண்டி. மொத்தம் எட்டு பேரு."

மனதுக்குள் எண்ணினேன். அவர்கள் வீட்டில் நாலு. கொழுந்தன் பெண்டாட்டி லில்லியின் அப்பா, அம்மா. நாங்கள் இரண்டு பேர். செல்வின் எங்கே?

"அவன அந்த சென்டர்லயே ரெண்டு மூணு நாளு தங்க வச்சுரலாம்லா மதினி? உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கெடச்ச மாதிரி இருக்கும்."

ரெஸ்ட்! என் மகனை விட்டுவிட்டுப் போனால் எனக்கு ரெஸ்ட் என்று இவனிடம் யார் சொன்னது? துணியைப் பிழிகிற பிழியில் அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. தெறிக்கட்டும்.

காட்டுக்குப் போகவேண்டும் என்று முதலில் சொன்னவனே செல்வின்தான். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு டிவியில் காட்டெருமை வந்தது. கன்னங்கரேலென்று உடம்பு, முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. டிவி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து "ஹோய்ய்! சாக்ஸ் மாடு!" என்று கத்தினான். "சாக்ஸ் மாடு போணும்மா" என்று அன்றைக்குப் பூராவும் அதே பேச்சு. எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஐடியாவா இருக்கே என்றாள் லில்லி. இப்போது அவனுடைய ஆசையை எடுத்துக்கொண்டு, ஆசைப்பட்டவனை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்களாம். மாப்பிள்ளைக்கு மட்டும் இலை போடாத கல்யாண வீடு.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார், விரித்தார். தம்பி விஷயம் என்றால் வாயில் கொழுக்கட்டை.

"நீ பேசி ஒரு முடிவு எடு எஸ்தர்."

எடுத்துவிட்டேன். செல்வின் வருகிறான்.

பிப்ரவரி 5, வியாழன்

மாட்டுங்கா. ஸ்டேஷன் பக்கம் ஒரு ட்ராவல் ஏஜென்ட், நம்ம தமிழ் ஆள். லில்லிதான் நம்பர் கொடுத்தாள். நெற்றியில் விபூதி, மேஜையில் புலிப் படம். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"பையனுக்கு வயசு என்ன மேடம்?"

"இருபத்தொம்பது."

"ஓ. ஸ்பெஷல் சைல்டா?"

இருபத்தொன்பது வயதில் என்ன சைல்டு? ஆட்டிசம் இருக்கிற ஆள் என்றேன். மீசை வைத்திருக்கிறான், சென்டரில் காகிதப் பை ஒட்டுகிறான், மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறான்.

"இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்கோ. ஜீப்ல ஆறு சீட். உங்க குரூப்ல எட்டு பேர் ஒன்பது பேராயிட்டா, மூணு பேர் வேற ஆட்களோட உட்காரணும். அவா புலி பாக்கணும்னு ரொம்ப தூரத்துலேர்ந்து வருவா. ஏதாவது சத்தம் போட்டுட்டார்னா கம்ப்ளெயின்ட் வரும்."

அந்த மூன்று பேர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள்தான்.

"அமைதியா இருப்பார்னு நீங்க பொறுப்பேத்துண்டா போட்டுடறேன்."

"இருப்பான்" என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பஸ் ஏறின பிறகுதான் யோசித்தேன். காக்காயைப் பார்த்தாலே ஹோய்ய் என்பான். சீட்டியடித்தால் குக்கருக்குக்கூடப் பதில் சொல்லுவான். சாக்ஸ் மாட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பானா?

வாங்கியது: கொத்தமல்லி, தோசை மாவு, சட்டைப் பொத்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! கோயிலில் வைத்துத்தான் கிடைத்தது.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா "ஜெபிப்போமாக" என்றார். பக்கத்தில் செல்வின் கப்சிப். "ஆமென்" வரைக்கும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்ன வயதில் நான் படாத பாடுபட்டுப் பழக்கியது. ஜெபம் என்றால் வாயில் கை. ஆமென் என்றால் எடுக்கலாம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு நாளும் தவறவில்லை.

பிறகென்ன? ஜீப்பில் மிருகம் வந்ததும் "ஜெபம்" என்று மெதுவாகச் சொல்லவேண்டியதுதான். ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

மத்தியானமே ஒத்திகை. ஜன்னல் கம்பியில் காக்கா. "எய்யா செல்வின், ஜெபம்" என்றேன். வீடே அமைதி. இவரும் பழக்கதோஷத்தில் பேப்பரைக் கீழே வைத்துத் தலை குனிந்துவிட்டார். "ஆமென்" என்றேன். காக்கா போயிருந்தது. ஒரு சத்தம் இல்லை.

இனி லில்லி என்ன சொல்லுவாள் பார்ப்போம்.

பிப்ரவரி 11, புதன்

வெயில் ஏறிவிட்டது. தினமும் ஒத்திகை. பூனை: பாஸ். மீன்காரி: பாஸ். குக்கர்: முதல் விசில் சத்தத்துக்கே தானாக வாயில் கையை வைத்துக்கொண்டான், நான் சொல்லாமலே. தட்டிக் கொடுத்தேன்.

லில்லி போன் செய்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாவுக்கு பிபி. திடீர்னு செல்வின் கத்திட்டான்னா..."

அவள் மகன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. கோயிலில் பிரசங்க நேரத்தில் மொபைல் கேம், அதுவும் சவுண்டோடு. அதற்கெல்லாம் யாருக்கும் பிபி ஏறாது. "உங்க அப்பாவ வேணும்னா சென்டர்ல ரெண்டு நாளு விட்டுரலாமா லில்லி?" என்று கேட்டேவிட்டேன். அந்தப் பக்கம் போன் கட்.

பேசியது தப்பு என்கிறார் இவர். தப்பாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 14, சனி

போரிவிலி பார்க். அங்கே பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சிங்கம், புலி காட்டுவார்கள். காட்டுக்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம். கூட வந்தனா தாயியும் (மராத்தியில் தாயி என்றால் அக்கா) அவள் மகள் சோனலும். சோனல் செல்வினோடு சென்டரில் பை ஒட்டுகிறாள், டவுன் சின்ட்ரோம், இவனைவிட நன்றாகக் கணக்குப் பார்ப்பாள்.

போகும்போதே சண்டை. ரயிலில் ஊனமுற்றோருக்கான ஹேண்டிகேப் டப்பாவில் ஏறினோம். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருத்தன் செல்வினை மேலும் கீழும் பார்த்தான். "இஸ்கோ க்யா ஹுவா ஹை? ஹட்டா கட்டா தோ ஹை." இவனுக்கு என்ன, ஆள் திடகாத்திரமாகத்தானே இருக்கிறான் என்கிறான்.

செல்வினின் ஊனமுற்றோர் கார்டை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "தேரே கோ க்யா ஹுவா ஹை? து திகா." உனக்கு என்ன, நீ உன் கார்டைக் காட்டு என்றேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டான். ஆள் திடகாத்திரமாகத்தான் நடந்து போனான். வந்தனா தாயி ஜோராகக் கை தட்டினாள்.

பார்க்கில் கம்பி போட்ட பஸ். செல்வினுக்கு ஜன்னல் ஓரம். பஸ் நிறைய ஜனம். ஒரு குடும்பம் வீடியோ காலில் யாருக்கோ மரத்தையெல்லாம் காட்டிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் சீட்டுமேல் ஏறிக் குதிக்கின்றன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பத்தில் வண்டி நின்றது. "ஷேர்! ஷேர்!" என்று சிங்கத்தைக் காட்டிப் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது. செல்வினின் தோளைத் தொட்டு "ஜெபம்" என்றேன்.

அமைதி. அவனிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ என் முதுகில் அடித்தார்கள்.

"எஸ்தர் தாயி! ஆங்க் கோலோ! தோனோ க்யா கர் ரஹே ஹோ?"

வந்தனா தாயி. கண்ணைத் திற, ரெண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்கிறாள். அப்போதுதான் தெரிந்தது, என் கண் மூடியிருந்தது. திறந்து செல்வினைப் பார்த்தேன். வாயில் கை. தலை குனிந்து, இமைகளை இறுக்கி மூடி, நெற்றி சுருங்கி, பக்தியோடு உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே சிங்கத்தின் வால் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஆமென்! ஆமென்யா செல்வின்!" என்று கத்தினேன். திறந்தான். ரோட்டைப் பார்த்தான். புதரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சிங்கம் எங்கம்மா?"

"போயிட்டுய்யா."

மறுபடியும் வாயில் கையை வைத்துக்கொண்டான்.

பின் சீட்டு அம்மா குனிந்து என்னிடம், "கித்னா ஷாந்த் பச்சா ஹை!" எவ்வளவு அமைதியான பிள்ளையாம்! அவளுடைய பிள்ளை அப்போதும் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாராட்டை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜெபம் என்றால் வாயோடு கண்ணும் சேர்த்துத்தான் மூடும். நானும் மூடுவேன், இவரும் மூடுவார், காக்காய் பறந்துபோனது யாருக்குத் தெரியும்? ஒத்திகை முழுக்க மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு நடத்தியிருக்கிறோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. குக்கர் விசில் அடித்தது, செல்வின் பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த வாரம் முழுவதுமே அந்த ஹோய்ய் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரி "ஆஜ்கல் ஆப் கா பேட்டா அச்சா ஹோ கயா" என்று ஒரு நாள் சொன்னாள், இப்போதெல்லாம் உங்கள் மகன் நல்லபடியாகிவிட்டான் என்று. நான் தேங்க்யூ வேறு சொன்னேன்.

யாரோ முன்பின் தெரியாத மூன்று பேர் புலி பார்ப்பதற்காக என் பிள்ளையை ஊமையும் குருடும் ஆக்கியிருக்கிறேன். அந்த ஏஜென்ட் கேட்டது வாயை மட்டும். நான் கண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

அழுகை வந்தது. அழுதேன். பிறகு கோபம் வந்தது, அதுதான் வசதியாக இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மறுபடியும் மாட்டுங்கா. வந்தனா தாயியும் வந்தாள்.

டோம்பிவிலிக் கூட்டம் அவர்கள் இஷ்டப்படி போகட்டும் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தனி ஜீப். ஆறு சீட்டும் எங்களுக்கே: நான், இவர், செல்வின், வந்தனா தாயி, அவள் வீட்டுக்காரர், சோனல்.

ஏஜென்ட் எழுதிக்கொண்டே, "சத்தம் வந்தா மிருகம் ஓடிடும் மேடம், அதுவும் சொல்லிடறேன்" என்றார்.

"மெதுவாச் சொல்லித் தருவோம். கேட்டா கேப்பான். கேக்காம ஒரு சத்தம் வந்து மாடு ஓடிச்சுன்னா எங்க மாடுதான ஓடும்? உங்களுக்கு என்ன கம்ப்ளெயின்ட்?"

பேனாவை நிறுத்திச் சிரித்துவிட்டார். ஆள் மோசமில்லை.

கொழுந்தனுக்கு நான் போன் போடவில்லை. இவரே போட்டார். "நாங்க தனியா போறோம்ல. செல்வின் இல்லாம நான் எங்கயும் வரல." அவ்வளவுதான் பேசினார். அதற்கே பெரிய டம்ளரில் காபி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

புது ஒத்திகை. ஜெபம் என்றால் கண்ணைத் திற. செல்வினுக்கு எளிதில் வரவில்லை. எனக்கு அதைவிட. வாய் "ஜெபம்" என்னும்போதே இமை தானாக இறங்குகிறது. "அம்மா கண்ணு! அம்மா கண்ணு!" என்று என்னைத் திருத்துகிறான் இவன். சொல்லிச் சொல்லி அவனுக்கு வந்துவிட்டது. வாயில் கை, கண் இரண்டும் முட்டை போல.

கையை எடு என்றாலும் எடுக்கமாட்டேன் என்கிறான். குக்கருக்கு நானே "ஹோய்ய்" என்று பதில் சொல்லிப் பார்த்தேன். "என்னட்டி ஆச்சு?" என்று இவர் ஓடி வந்ததுதான் மிச்சம். செல்வின் விரல் இடுக்கு வழியாகச் சிரித்தான். சத்தம் வரவில்லை.

வேறு சொல் பழக்கியிருக்கலாமே என்கிறாள் வந்தனா தாயி. இப்போது சொல்கிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

லெந்து நோன்புக் காலத்து முதல் ஞாயிறு. கோயிலில் நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். லில்லி குடும்பம் எங்களுக்கு முன் வரிசையில். டோம்பிவிலியிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள். ஸ்தோத்திரம் சொன்னேன். ஸ்தோத்திரம் சொன்னாள். அதோடு சரி.

பாஸ்டர் ஐயா "ஜெபிப்போமாக" என்றார்.

சபை முழுக்கத் தலை குனிந்தது. நான் குனியவில்லை. பழக்கம் மாறிவிட்டதோ என்னவோ, செல்வினைப் பார்த்தேன். வாயில் கை. கண் அகலத் திறந்திருந்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இருட்டில் உட்கார்ந்திருந்தவன், இன்றைக்குத்தான் ஜெப நேரத்துக் கோயிலைப் பார்க்கிறான். குனிந்த தலைகளைப் பார்த்தான். முக்காடுகளைப் பார்த்தான். அண்ணாந்தான்.

உத்தரத்தில் ஒரு புறா, வாயில் குச்சியோடு. ட்யூப்லைட்டுக்குப் பின்னால் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாகவோ, ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம்.

தோளில் கை வைக்கப் போனேன். வைக்கவில்லை.

கை வாயிலிருந்து மெல்ல இறங்கியது.

"ஹோய்ய்ய்!"

மேல்கூரை வரை போய்த் திரும்பி வந்தது சத்தம். பாஸ்டர் ஐயா நிறுத்திவிட்டார். லில்லி திரும்பினாள், அவள் அப்பா திரும்பினார், வரிசை வரிசையாகத் திரும்பினார்கள். நான் ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்தேன். செல்வின் மட்டும் அண்ணாந்தபடியே இருந்தான்.

யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் "ஆமென்" என்றேன். சத்தமாக.